ஐந்து கணக்கும் ஒரு மாமனாரும்

'படம் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவு குடும்பத்துக்கு வசதியா, அவதியா?' இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் வந்தார். "ஒரு கணக்கில் இலவசம் தீர்ந்தால் இன்னொரு கணக்குக்கு மாறிக்கலாமே, என்ன அவதி?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஐயா, அந்த 'மாறிக்கலாமே'யில்தான் அவதியே ஆரம்பம்!

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். காலமாகிவிட்ட என் மாமனாருக்கு இருப்பது ஒரே ஒரு படம். கறுப்பு வெள்ளை, ஓரமெல்லாம் செல்லரித்தது. என் மகன், "தாத்தாவைக் கலர்ல கொண்டு வர்றேன்"னு உட்கார்ந்தான். நாளொன்றுக்கு இத்தனை படம்தான் இலவசம். அவன் கணக்கு தீர்ந்தது. அம்மா பேரில் ஒன்று, என் பேரில் ஒன்று, பாட்டி பேரில் ஒன்று. ஐந்தாவது கணக்கு யார் பேரில் தெரியுமா? எங்க வீட்டு நாய் மணி பேரில்! (சிரிப்பு)

கடைசியில் படம் வந்தது. என் மனைவி பார்த்தாள். "எங்கப்பா சிரிக்கிற மாதிரியே இருக்குங்க" என்று கண் கலங்கினாள்.

திவசத்துக்கு முதல் நாள் பிரேம் போட வேண்டும். "படத்தை எடுடா" என்றேன். எந்தக் கணக்கில் வரைந்தான்? அவனுக்கே தெரியவில்லை! நாலு கணக்கு திறந்தது, படம் இல்லை. ஐந்தாவது திறக்க ரகசிய எண் வர வேண்டும். அது பழைய கைபேசி எண்ணுக்குப் போகிறது. அந்த சிம் கார்டு எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. "மறுபடி வரையச் சொல்றேம்ப்பா" என்றான். வரைந்தது. வந்தவர் வேறு யாரோ! சொல்லும் சொல் ஒன்றானாலும் அந்த இயந்திரம் ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தான் வரையும், நடுவர் அவர்களே.

இன்னொன்று. கோயிலில் சுண்டல் கொடுக்கிறார்கள். ஒருவன் விபூதியோடு வந்து வாங்கினான். அதை அழித்துவிட்டு நாமம் போட்டுக்கொண்டு மறுபடி வந்தான். (சிரிப்பு) எல்லாரும் இப்படிக் கிளம்பினால் என்ன ஆகும்? அண்டாவையே கவிழ்த்துவிடுவார்கள்! கற்பனை இல்லை. 2023 மார்ச்சில் மிட்ஜர்னி நிறுவனம் இலவச முன்னோட்டத்தை நிறுத்தியது. அளவுக்கு மீறிய கூட்டம் ஒரு காரணம். இலவசத்தை முறைகேடாகப் பயன்படுத்தியது இன்னொரு காரணம். ஏமாற்றியவன் சிலபேர், ஏமாந்தவன் வரிசையில் ஒழுங்காக நின்றவன்!

அலுவலகத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று கணக்கு வைப்பதை நான் குறை சொல்லவில்லை. அது ஒழுங்கு. ஆள் மாறாட்டம்தான் அவதி. தாய்மார்களே, படம் வந்தவுடனே இறக்கி வையுங்கள். எந்தக் கணக்கு என்று நோட்டில் எழுதி வையுங்கள்.

மறுநாள் என்ன செய்தோம்? அந்தச் செல்லரித்த படத்துக்கே மாலை போட்டோம். ஐந்து கணக்கில் தேடியும் கிடைக்காத மாமனார், பீரோவுக்குள் பத்திரமாக இருந்தார்! ஆகவே 'அவதியே' என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.

(கைதட்டல்)