இருபத்தோராம் நாள்
நாகரசம்பட்டியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு



இதய அறுவை செய்த முன்னோடிப் பெண்ணைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். இந்த அறக்கட்டளையோ, சுற்றுப்பட்டி ஊர்களில் நடந்தே போய் ஊசி போட்ட ஒரு செவிலியர் அம்மையாரின் நினைவாக அமைந்தது. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன். கத்தி பிடித்த ஒருவரில் தொடங்கி, கத்தியே பிடிக்காத இன்னொருவர் வழியாக அந்த அம்மையாரிடம் வந்து சேருகிறேன்.

1. தைத்த கை

நீனா ஸ்டார் பிரான்வால்ட் 1928இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். பெண்கள் மருத்துவம் படிக்கலாம், ஆனால் அறுவை அரங்கில் அவர்களுக்கு இடமில்லை என்றிருந்த காலத்தில் பெல்வியூ மருத்துவமனையில் அறுவைப் பயிற்சி பெற்றார். இதயத்தைத் திறந்து அறுவை செய்த முதல் பெண் அவர்தான்.

1960 மார்ச் 11. பெதஸ்டாவில் உள்ள அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம். மேசைமேல் 44 வயதுப் பெண். இதயத்தின் இடப்பக்கம் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இரண்டு இதழ்கொண்ட வால்வு ஒன்று உண்டு. அது சரியாக மூடாததால், முன்னே போக வேண்டிய ரத்தம் பின்னால் ஒழுகிக்கொண்டிருந்தது. பழுதான வால்வை வெட்டி எடுத்துவிட்டுச் செயற்கை வால்வைப் பொருத்தினார்கள். அறுவைக் குழுவின் தலைவி நீனாவுக்கு அப்போது வயது 32.

அந்த வால்வைக் கடையில் வாங்கவில்லை. அவரும் உடன் பணியாற்றியவர்களும் வடிவமைத்துத் தாங்களே செய்தார்கள். இதழ்கள் பாலியூரித்தேனில் வார்த்தவை. இதழைப் பிடித்து நிறுத்தும் நாண்கள் டெஃப்லானில் ஆனவை. ஓசூர்த் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் இந்த ஊர்ப் பக்கம் நிறையப் பேர். அச்சில் வார்ப்பது, தைப்பது, அளவு பார்ப்பது, சரியில்லை என்றால் கழித்துவிட்டு மறுபடி செய்வது எல்லாம் அவர்களுக்குத் தெரியும். நீனாவின் வேலையிலும் பாதி பட்டறை வேலைதான்.

ஈரிதழ் வால்வை முழுமையாக மாற்றி நோயாளி பிழைத்து எழுந்தது அதுவே முதன்முறை. அந்தப் பெண் சில மாதங்கள் உயிரோடிருந்தார். பின்னாளில் நீனா உருவாக்கிய, துணி போர்த்திய பந்து வால்வும் பலருக்குப் பொருத்தப்பட்டது. தேய்மானம் தெரியவந்ததும் அது கைவிடப்பட்டது. முன்னோடிகளின் கணக்கில் வரவோடு செலவும் உண்டு. 1992இல் அவர் மறைந்தார். அறுவைத் துறைக்கு வரும் பெண்களுக்காக அவர் பெயரிலும் ஒரு நல்கை இருக்கிறது. நம்முடையதைப்போல அதுவும் ஒரு நினைவு அறம்.

2. கேட்ட காது

இப்படி வால்வு கெடுவது எதனால்? இந்தக் கேள்விதான் நம் நாட்டின் முதல் பெண் இதயநோய் வல்லுநரான மருத்துவர் பத்மாவதியிடம் நம்மைக் கொண்டுபோகிறது.

பத்மாவதி 1917 ஜூன் 20 அன்று பர்மாவின் மக்வேயில் பிறந்தவர். படித்தது ரங்கூன் மருத்துவக் கல்லூரியில். 1942இல் ஜப்பானியப் படை நெருங்கியபோது வீட்டுப் பெண்கள் மட்டும் விமானமேறிக் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தார்கள். தகப்பனாரும் சகோதரர்களும் அங்கேயே நின்றுவிட்டார்கள். போர் ஓயும்வரை அவர்களைப் பற்றி ஒரு சேதியும் இல்லை.

போருக்குப் பிறகு லண்டன், சுவீடன். அதன்பின் பால்டிமோரில், பிறவி இதயக் கோளாறால் உடல் நீலம்பாரிக்கும் குழந்தைகளைக் காக்கும் அறுவைக்கு வழிகாட்டிய ஹெலன் டாசிக்கிடமும், ஹார்வர்டில் பால் டட்லி ஒயிட்டிடமும் கற்றார். 1953இல் நாடு திரும்பி, டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே அங்கே இதயக் குழாய்ச் சோதனைக்கூடம், இன்று நாம் கேத் லேப் என்கிறோமே, அதை அமைத்தார். 1962இல் அகில இந்திய இதய அறக்கட்டளையையும், 1981இல் தேசிய இதய நிறுவனத்தையும் தொடங்கினார். 1992இல் பத்ம விபூஷண் பெற்றார். 2020 ஆகஸ்ட் 29 அன்று, 103 வயதில், கொரோனா அவரைக் கொண்டுபோயிற்று.

பட்டியல் இதோடு போதும். அவர் கண்டறிந்த ஒன்றைச் சொல்கிறேன். நுரையீரல் கெட்டு, அதனால் இதயத்தின் வலப்பக்கம் வீங்கும் நோய் ஒன்று உண்டு. மேலைநாடுகளில் அது பெரும்பாலும் புகைபிடிக்கும் ஆண்களின் நோய். டெல்லியிலோ பீடியைத் தொட்டே பார்க்காத பெண்களும் அதே நோயோடு வந்தார்கள். எப்படி? அவர் விரல் அடுப்பை நோக்கி நீண்டது. விறகும் வறட்டியும் எரியும் காற்றோட்டமில்லாத சமையலறை. ஆண்டுக்கணக்காய் அந்தப் புகைதான் அவர்கள் நெஞ்சில் இறங்கியிருந்தது. மருந்துச் சீட்டில் எழுத முடியாத காரணத்தை வீட்டுக்குள் தேடிக் கண்டவர் அவர்.

வால்வு நோயையும் அவர் அப்படித்தான் பார்த்தார். ஒரு குழந்தைக்குத் தொண்டைவலி வருகிறது, போகிறது. இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல்; முழங்கால், கணுக்கால் வீங்குகிறது. அதுவும் தணிந்துவிடுகிறது. தணியாமல் உள்ளே வேலை செய்வது இதய வால்வில்தான். மூட்டை நக்கிவிட்டு இதயத்தைக் கடிக்கும் நோய் என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித்தருவோம். நெருக்கடியான வீடுகளில் பரவும் ஏழைகளின் நோய் இது. பல ஆண்டுகள் கழித்து, பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது மூச்சு வாங்கித்தான் பல பெண்களுக்கு இது தெரியவரும்.

3. போட்ட ஊசி

தொண்டைவலிக்குப் பின் வரும் அந்தக் காய்ச்சல் மறுபடி வராமல் தடுத்தால் வால்வு மேலும் கெடாது. அதற்குப் பெனிசிலின் ஊசி இருக்கிறது. மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை, ஆண்டுக்கணக்கில் போட வேண்டும். விலை குறைவு. வலி அதிகம். பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை, மாந்தோப்பில் ஓடியாடி விளையாடுகிறது. நல்லா இருக்கிற பிள்ளைக்கு எதற்கு ஊசி என்று தாய் கேட்பாள்.

அந்த இடத்தில்தான் நம் செவிலியர் அம்மையார் வருகிறார். அவர் கையில் ஒரு கோடுபோட்ட நோட்டு இருந்ததாகக் குடும்பத்தார் சொன்னார்கள். பெயர், தேதி, இருபத்தொரு நாள் கழித்து அடுத்த தேதி. வராத பிள்ளையைத் தேடித் தோப்புக்கே போவாராம்.

செய்த அறுவைகளை மருத்துவமனைகள் எண்ணி வைக்கின்றன. தேவைப்படாமல் போன அறுவைகளை எண்ண எந்தப் பதிவேடும் இல்லை. நீனாவின் வால்வுக்கு நாள் குறித்துவைத்தார்கள். இந்த ஊரில் கெடாமல் காத்த வால்வுக்கு அந்த நோட்டில் ஒரு டிக் மட்டுமே சாட்சி. இங்கிருந்து நோயாளியைக் கொண்டுபோவது பெங்களூருக்கா வேலூருக்கா என்று நடு இரவில் தவித்த குடும்பங்களுக்கு அந்த டிக்கின் விலை தெரியும்.

செவிலியர் படிப்புப் படிக்கும் பிள்ளைகளே, உங்களில் யாராவது நெஞ்சைத் திறக்கும் மருத்துவராகவும் ஆகலாம், ஆக வேண்டும். எதுவானாலும் ஒரு நோட்டு வாங்கிக் கோடு போட்டு வையுங்கள்.