கோட்டுக்கு வெளியே நடக்கிற ஆட்டம்

(ராஜகுளத்தில் இளைஞர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



விளையாட்டைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். விளையாட்டில் சாதி ஏது, திறமை இருந்தா மேலே வரலாம் என்று நம்மிடமே பலர் சொல்கிறார்கள். பாதி உண்மைதான். கடிகாரம் சாதி கேட்டு நேரம் காட்டுவதில்லை. ஸ்டம்பு விழுந்தா விழுந்ததுதான். ஆனால் ஓட யாரை அனுப்புவது, அணிக்கு யார் தலைவர், பதக்கம் வாங்கி வந்தவருக்கு நாளைக்கு என்ன வேலை, இதெல்லாம் கோட்டுக்கு வெளியே முடிவாகிறது. அங்கே உட்கார்ந்திருப்பது யார்? இதுதான் என் கேள்வி.

தேர்வு என்கிற சங்கதி நம்ம வட்டாரத்துக்குப் புதுசில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குடவோலை ஜனநாயகம் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். பத்தாம் நூற்றாண்டு, முதலாம் பராந்தகன் காலம். ஓலையில் பேர் எழுதத் தகுதி என்ன? வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் தெரிய வேண்டும். குடத்திலிருந்து ஓலையை எடுத்தது ஒரு சின்னப் பையன். அதில் சூது இல்லை. குடத்துக்குள் யார் பேர் போகலாம் என்பதை முன்னாடியே முடித்துவிட்டார்கள். நம்ம பேர் குடத்துக்குள் போகவே இல்லை.

இப்போ பல்வங்கர் பாலு. 1876இல் பிறந்தவர், செருப்புத் தைக்கும் சாமர் சாதி. பூனாவில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மாசம் நாலு ரூபாய்க்கு ஆடுகளம் உருட்டி, வலை கட்டிய வேலையாள். பயிற்சிக்குப் பந்து வீசச் சொன்னார்கள், மட்டையைக் கையில் கொடுக்கவில்லை. இடக்கைச் சுழலில் அவருக்கு இணை இல்லை என்று தெரிந்த பிறகு இந்து அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். இடைவேளையில் அவருக்கு மட்டும் பெவிலியனுக்கு வெளியே மண் குவளையில் டீ, சாப்பாட்டுக்குத் தனி மேசை. நம்ம ஊர் டீக்கடைத் தனிக்குவளைக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்க?

1911இல் இந்திய அணி இங்கிலாந்து போனது. தலைவர் பாட்டியாலா மகாராஜா. 114 விக்கெட் எடுத்தவர் பாலு. ஆனாலும் இந்து அணியின் தலைமை அவருக்கு வரவே இல்லை. 1920இல் துணைத் தலைமையோடு நிறுத்திவிட்டார்கள். அந்த வருஷம் தம்பிகள் விட்டலும் சிவராமும் இந்த அநியாயத்தைச் சொல்லி அணியிலிருந்து விலகினார்கள். 1923இல் விட்டல் தலைவரானார். அண்ணன் எடுத்த விக்கெட்டுகளால் கிடைக்காத பதவி, தம்பிகள் வெளியேறிச் சண்டை போட்ட பிறகு வந்தது. இதை மாணவத் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

பாலுவின் அரசியல் வேறு. 1932 பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கரும், நம்ம பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த ரெட்டமலை சீனிவாசனும் கையெழுத்துப் போட்ட அதே தாளில் அவர் கையெழுத்தும் இருக்கிறது. 1937 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று அம்பேத்கரிடம் தோற்றார். அதற்காக அவரை நாம் தூக்கியெறிய வேண்டாம். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்போம். ஆட்டத்தில் தலைமை தர மனமில்லாத சமூகம், அம்பேத்கருக்கு எதிராக நிறுத்த மட்டும் அவரை எப்படிக் கண்டுபிடித்தது?

அது அந்தக் காலம் என்பீர்கள். சாந்தி சௌந்தரராஜன் நம்ம காலம். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. அப்பா அம்மா செங்கல் சூளையில் வேலை. சூளை என்றால் என்னவென்று இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி. கொஞ்ச நாளில் பாலினச் சோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்தார்கள். ரகசியமாக இருக்க வேண்டிய சோதனை முடிவு பத்திரிகைக்குப் போனது. சாந்தி ஊக்க மருந்து சாப்பிடவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. பிறந்த உடம்போடு ஓடினார், அவ்வளவுதான். தமிழக அரசு தந்த 15 லட்சத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்தார். பிறகு அவரே சூளைக்குக் கூலி வேலைக்குப் போகும்படி ஆனது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் வேலை வர வருஷக்கணக்கானது.

2009இல் இதே பிரச்சினை தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யாவுக்கு வந்தபோது அந்த நாடே அவர் பக்கம் நின்றது. பதக்கம் அவரிடமே இருந்தது. 2015இல் ஒடிசாவின் துத்தி சந்த் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போய் அந்த விதியையே நிறுத்தி வைத்தார். சாந்திக்காக 2006இல் அப்படி வழக்காட யாரும் முன்வரவில்லை. பதக்கமும் திரும்பவில்லை.

அடுத்து வந்தனா கட்டாரியா. ஹரித்துவார் பக்கம் ரோஷ்னாபாத். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலை 31இல், தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல். ஒலிம்பிக் ஹாக்கியில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்ட முதல் இந்தியப் பெண். நாலு நாள் கழித்து அரையிறுதியில் இந்தியா அர்ஜென்டினாவிடம் தோற்றது. வந்தனா வீட்டு வாசலில் வெடி வெடித்து, சாதியைச் சொல்லித் திட்டினார்கள். தலித்துகள் அதிகமாக அணியில் இருந்ததால்தான் தோல்வியாம்! குடும்பம் புகார் கொடுத்த பிறகு கைது நடந்தது.

அர்ஜென்டினா, பிரேசில் பனியன் போட்டுக்கொண்டு நம்ம பையன்கள் சுத்துகிறார்கள். போடட்டும். அந்தப் பக்கத்துக் கதையையும் தெரிஞ்சுக்கட்டும். 1916இல் முதல் தென்னமெரிக்கக் கால்பந்துப் போட்டி. உருகுவேயின் கறுப்பு வீரர் இசபெலினோ கிராதின் சிலிக்கு எதிராக இரண்டு கோல் போட்டார். ஆப்பிரிக்கர்களை இறக்கிவிட்டார்கள், ஆட்டம் செல்லாது என்று சிலி முறையிட்டது. அதே கிராதின் ஓட்டத்திலும் தென்னமெரிக்கச் சாம்பியன். எந்த ஆட்டத்துக்குப் போனாலும் தோல் கூடவே வந்தது.

1923இல் ரியோ நகரத்தில் வாஸ்கோ ட காமா கிளப் கறுப்பர்களையும் ஏழைத் தொழிலாளிகளையும் வைத்துப் பட்டம் ஜெயித்தது. பெரிய கிளப்புகள் தனியாக ஒரு சங்கம் கட்டின. உன் ஆட்களில் 12 பேரை நீக்கு, அவர்களுக்குத் தகுந்த படிப்பில்லை, தொழிலில்லை என்றன. உத்திரமேரூர்க் கல்வெட்டு ஞாபகம் வருதா? வாஸ்கோ 1924 ஏப்ரலில் கடிதம் எழுதியது: நீக்க மாட்டோம், நாங்களே உங்கள் சங்கத்தில் சேரவில்லை. அடுத்த வருஷம் அந்தச் சங்கமே வாஸ்கோவைச் சேர்த்துக்கொண்டது. பாலுவின் தம்பிகள் செய்ததை அங்கே ஒரு கிளப்பே செய்தது.

கொலம்பியாவில் மரியா இசபெல் உருதியா என்ற கறுப்புப் பெண். 1988 ஒலிம்பிக்கில் குண்டும் தட்டும் எறிந்தார். பிறகு பளுதூக்குதலுக்கு மாறி, 2000இல் தன் நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். நாடாளுமன்றம் போனார். 2022இல் விளையாட்டுத் துறை அமைச்சரானார். முடிவெடுக்கிற அறைக்குள் போய் உட்கார்ந்தவர் என்பதால் அவரைச் சொல்கிறேன்.

இப்போ நம்ம வேலை. ஊருக்கு ஒரு விளையாட்டுத் திடல் என்கிறார்கள். அது சேரிக்கு எவ்வளவு தூரம், அங்கே நம்ம பெண் பிள்ளைகள் போக முடிகிறதா என்று பாருங்க. மாவட்ட அணித் தேர்வு எப்போ, எங்கே, தேர்வு செய்கிறவர்கள் யார் என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்க. தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் பட்டியல் சாதிப் பிள்ளைகள் எத்தனை பேர், எந்தெந்த வேலையில் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்க. பதில் வந்ததும் அதை இந்தப் பத்திரிகையில் அச்சடிப்போம். நம்மில் ஒருத்தரை நீக்கினால், மற்றவர்கள் ஆடக் கூடாது. வாஸ்கோவும் பாலுவின் தம்பிகளும் காட்டிய வழி அதுதான்.

ஜெய்பீம்.