நனைந்தால்தான் பச்சை

சேலத்தில் முப்பது வருடம் நிலவியல் பாடம் நடத்தியவன் நான். ஓய்வு பெற்றதும் மகள் ஸ்காட்லாந்துக்கு அழைத்தாள். கோட்டை, அரண்மனை எல்லாம் சுற்றிக் காட்டினாள். "போதும்மா, ஒரு கூழாங்கல் கரைக்குக் கூட்டிப்போ" என்றேன். அப்படிப் போனதுதான் அயோனா.

சுமார் ஐந்து கிலோமீட்டர் நீளமுள்ள சின்னத் தீவு. ஓபன் என்ற ஊரில் கப்பலேறி மல் தீவுக்குப் போய், பஸ் பிடித்து, அங்கிருந்து பத்து நிமிடப் படகு. வெளியூர்க்காரர்கள் வண்டியை இக்கரையிலேயே விட்டுவிட வேண்டும். அக்கரையில் நடராஜா சர்வீஸ்தான்!

தீவின் தென்கோடியில் இருக்கிறது அந்தக் கூழாங்கல் கரை, கொலம்பா விரிகுடா. போகும் வழியில் ஒரு கோல்ஃப் மைதானம். அதில் ஆடும் மாடும் மேய்கின்றன. பிறகு மேடு, ஒரு சிறு ஏரி. அதைத் தாண்டினால் சதுப்பு. பச்சைப் புல்தானே என்று கால் வைத்தேன், கணுக்கால் வரை உள்ளே போய்விட்டது. ஷூவைப் பிடுங்கி எடுப்பதற்குள் மகள் சிரித்து முடித்திருந்தாள்.

கி.பி. 563-ல் அயர்லாந்துத் துறவி கொலம்பா பன்னிரண்டு பேருடன் இந்த விரிகுடாவில்தான் கரையிறங்கினார் என்பது ஐதீகம். வந்தது தோல் போர்த்திய படகில். நம் ஒகேனக்கல் பரிசலுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அவர் கட்டிய மடத்தின் கதை பெரிது. அதற்கு இன்று நேரமில்லை, கல்லுக்கு வருகிறேன்.

அலை திரும்பும்போது அந்தக் கரை போடும் சத்தம் இருக்கிறதே, முறத்தில் கொட்டைப்பாக்கைப் போட்டு உருட்டுவது போல! ஒவ்வோர் உருட்டலிலும் கல்லும் கல்லும் மோதி முனை மழுங்குகிறது. உட்கார்ந்தேன். கைக்கு எட்டிய தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கிரானைட். எதிர்க்கரை மல் தீவின் பாறை அது, வயது நாற்பது கோடி ஆண்டுக்கு மேல். பனியாறு சுமந்துவந்து இங்கே போட்டது. பக்கத்தில் வரிவரியாக நைஸ் என்னும் வகைக் கல் ஒன்று, இருநூறு கோடி ஆண்டுக்கும் மூத்தது. இரண்டையும் ஒரே உள்ளங்கையில் வைத்திருந்தேன்.

நான் தேடி வந்தது இந்தக் கரையில் கிடைக்கும் பச்சைக்கல்லை. தண்ணீர் ஓரத்தில் கிடைத்தது. பெயர் சர்ப்பெண்டைன். தடவினால் எண்ணெய் பூசியது போல வழவழக்கும். மக்னீசியம் நிறைந்த கல்லுக்குள் தண்ணீர் புகுந்து, அதன் குணத்தையே மாற்றிப் பிறப்பது. சேலம் நேயர்களே, நம் சுண்ணாம்புக் கரட்டிலும் இது உண்டு, அங்கே கிடைக்கும் வெள்ளைக்கல்லுக்கு உறவுக்காரன்தான். இத்தனை தூரம் போய்ச் சொந்த ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

சட்டைப்பையில் போட்டேன். கால் மணி நேரம் கழித்து எடுத்தால், சோகை பிடித்தது போல வெளிறிக் கிடக்கிறது. சிரிப்பு வந்துவிட்டது. ஒருமுறை ஒரு மாணவி ஆற்றில் எடுத்த கல்லை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் ஓடி வந்து, "சார், யாரோ என் கல்லை மாத்திட்டாங்க!" என்றாள். யாரும் மாற்றவில்லை. காய்ந்த கல்லின் மேலுள்ள நுண்ணிய சொரசொரப்பு வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடிக்கிறது. அதனால் வெளிறித் தெரிகிறது. தண்ணீர் அந்தக் குழிகளை நிரப்பியதும் உள்நிறம் தெரிகிறது. அதற்காகத்தான் நாங்கள் கல்லை நாக்கால் நக்கிப் பார்ப்போம். நீங்கள் செய்யாதீர்கள், அது எங்கள் தொழிலின் கெட்ட பழக்கம்!

அந்தக் கரைக்கு நடந்து வரும் யாத்ரீகர்களிடம் ஒரு வழக்கம். விட்டுவிட நினைப்பதை மனதில் வைத்து ஒரு கல்லைக் கடலில் எறிவார்கள். புதிய தொடக்கத்துக்கென்று இன்னொன்றை எடுத்துக்கொள்வார்கள். என் பையில் எப்போதும் சேலத்து வெள்ளைக்கல் ஒன்று இருக்கும். எறியக் கை ஓங்கினேன். நாளைக்கு ஒரு நிலவியல்காரர் இதை இங்கே பார்த்தால் பாவம், தலையைப் பிய்த்துக்கொள்வாரே! திரும்பப் பையில் போட்டுக்கொண்டேன். பச்சைக்கல்லைத் தண்ணீரிலேயே விட்டேன். "கடைசிப் படகு போயிடும்பா" என்றாள் மகள்.

எனக்கும் நேரம் முடிந்தது. இதைப் பார்க்க அயோனா வரை போக வேண்டியதில்லை. காவிரிக்கோ பாலாற்றுக்கோ போனால் ஒரு கூழாங்கல்லை எடுத்து, காயவைத்து, நனைத்துப் பாருங்கள். பக்கத்தில் ஒரு குழந்தையும் இருந்தால் நல்லது.