போலிக் கூட்டம்

மனிதக் கை படாமல், எழுதிவைத்த நிரலின்படி தானாகவே பதிவிடவும் பகிரவும் செய்கிற சமூக ஊடகக் கணக்கு ‘பாட்’ எனப்படுகிறது. நிலநடுக்கச் செய்தியை உடனுக்குடன் தரும் பாட்களும் உண்டு என்பதால், பாட் என்றாலே பொய் என்று கொள்வது தவறு. ஆனால் பொய்யைப் பரப்ப விரும்புவோருக்கும் அதே கருவிதான் கைகொடுக்கிறது.

அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 2016, 2017 ஆண்டுகளின் ட்விட்டர் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட கட்டுரை, நம்பகமற்ற செய்தி ஊரெங்கும் பரவுவதற்கு முன்பே, அதன் தொடக்கக் கணங்களிலேயே பாட்கள் அதை மிகுதியாகப் பகிர்வதையும், பலர் பின்தொடரும் பிரபலங்களின் பெயரைச் சேர்த்து அவர்கள் கண்ணில் படச் செய்வதையும் எடுத்துக்காட்டியது. திருவிழாக் கடைக்காரர் தம் ஆட்களையே வாங்குவோர் போல நிறுத்திவைத்தால், கூட்டத்தைக் கண்டு ஊராரும் வந்து மொய்ப்பார்கள் அல்லவா? பாட் காட்டுவதும் அந்தப் போலிக் கூட்டமே.

ஒரே நிரல் ஒரே செய்தியை ஃபேஸ்புக், டெலிகிராம் எனப் பல தளங்களில் ஒருசேர இடக்கூடும் என்றாலும், போலிக் கூட்டத்தை மெய்யென நம்பி, அச்செய்தியைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவரை சுமந்து செல்பவர் பெரும்பாலும் மனிதரே. அவ்வாறு ஸ்கிரீன்ஷாட்டாகக் கைமாறும்போது, முதலில் இட்ட கணக்கின் சுவடு பல நேரங்களில் அழிந்துபோகிறது. ஆகவே, பகிர்வுகளின் எண்ணிக்கையைக் கண்டு வியக்கும் நேயர்கள், முதலில் பகிர்ந்தவர் யார் என்றும் ஒரு கணம் பார்ப்பார்களாக.