பிராணவாயு அளவும் அதன் விளக்கக் குறிப்பும்

உடலில் ஊசி குத்தாமலே, நாடித்துடிப்பைக் கொண்டு இரத்தத்தின் பிராணவாயு அளவை ஒளியால் அறியும் முறையை 1974-ஆம் ஆண்டில் ஜப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அயோயாகி எடுத்துரைத்தார். பிராணவாயு ஏற்ற இரத்தமும் ஏற்காத இரத்தமும் சிவப்பொளியையும் அகச்சிவப்பொளியையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன. அவ்வேறுபாடே கணக்கின் அடிப்படை. இன்று சில கைக்கடிகாரங்கள் உறக்கத்தின்போது இதனை அளக்கின்றன. அவ்வளவுகளை நாள்தோறும் பெற்றுத் தரும் மென்பொருள்களும் உள்ளன.

ஊரிலிருக்கும் பெற்றோரின் அளவை டில்லியிலோ மும்பையிலோ இருந்து நோக்கும் மக்களுக்கு, நூற்றுக்கு 94 என்னும் எண் மட்டும் போதுமா? போதாது. மென்பொருளின் விளக்கக் குறிப்பு மூன்று செய்திகளைக் கூறுதல் வேண்டும்.

முதலாவது, தேதி. திங்கள் இரவு உறங்கிச் செவ்வாய் காலையில் எழுந்தால், அளவு எந்த நாளின் பெயரில் பதிவாகிறது?

இரண்டாவது, எண்ணின் தன்மை. அது இரவு முழுமைக்குமான சராசரியா, மிகக் குறைந்த அளவா? சராசரி 95 ஆயினும், இடையே சில நிமிடங்கள் 85-க்குத் தாழ்ந்திருத்தல் கூடும்.

மூன்றாவது, வெற்றிடம். கடிகாரம் அணியாத இரவுக்கு அளவே இராது. அதனைப் பூச்சியம் என்று காட்டுவது பெரும்பிழை. தொலைவிலிருப்போரை அது நடுங்கச் செய்யும்.

இக்கடிகாரம் மருத்துவருக்கு ஈடன்று. மூச்சுத் திணறல் கண்டால், எண் எதுவாயினும் மருத்துவரை நாடுவதே முறை. குறிப்பு தெளிவாக இருந்தால், படிப்போர் வீண் அச்சமும் கொள்ளார். வீண் நம்பிக்கையும் கொள்ளார்.