பாலூட்டும் தாயும் அடுத்த கருவும்





தாய்ப்பால் குழந்தையின் உரிமையாகும். பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புவோருக்கு முழுமையான இரண்டு ஆண்டுகளை சூரத்துல் பகராவின் 233ஆம் வசனம் வகுத்துள்ளது. பாலூட்டும் தாய் கருத்தரிக்க மாட்டாள் என்றும் நம்மவர் கூறுவர். இக்கூற்றில் உண்மை உண்டு. எனினும், அது இரண்டாண்டு காலத்திற்கும் பொருந்தும் என எண்ணுவது தவறாகும்.

குழந்தை பால் உறிஞ்சும்போது அவ்வுணர்வு நரம்புகள் வழியே தாயின் மூளையை அடைகின்றது. பாலைச் சுரக்கச் செய்யும் புரோலக்டின் எனும் ஓமோன் அதிகரிக்கின்றது. கருமுட்டையை முதிரச் செய்யும் ஓமோன்கள் அடங்குகின்றன. ஒரு குழந்தை பருகும் காலத்தில் மறு கருவைத் தாமதப்படுத்துவது அல்லாஹ்வின் அருளன்றோ!

1988ஆம் ஆண்டு இத்தாலியின் பெலாஜியோவில் கூடிய ஆய்வாளர்கள் இதன் எல்லையைத் தெளிவுபடுத்தினர். குழந்தைக்கு ஆறு மாதம் நிறைவடையாதிருத்தல், இரவும் பகலும் தாய்ப்பாலே உணவாயிருத்தல், நிபாஸுக்குப் பின் ஹைழ் திரும்பாதிருத்தல் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தால் 98 வீதத்திற்கும் அதிகமான பாதுகாப்புண்டு. ஒன்று தவறினாலும் அதில் நம்பிக்கை வைத்தல் கூடாது. முதல் ஹைழுக்கு முன்னரே கருமுட்டை வெளிப்படலாம் என்பதால், ஹைழைக் காணாமலே ஒரு தாய் கருவுறக்கூடும். அதற்காக அவளைக் கடிந்துகொள்வது அநீதியாகும்.

கருவுற்ற தாயின் பால் கெட்டுவிடும் என அஞ்சிப் பலர் குழந்தையின் பாலை உடனே நிறுத்திவிடுகின்றனர். பாலூட்டும் மனைவியுடன் கூடுவதையும், கருவுற்ற நிலையில் பாலூட்டுவதையும் ‘கீலா’ என்ற சொல்லால் அறிஞர்கள் விளக்குவர். அதனைத் தடுக்க எண்ணிய நபி (ஸல்) அவர்கள், ரோமரும் பாரசீகரும் அவ்வாறு செய்தும் அவர்களது பிள்ளைகளுக்குத் தீங்கு நேராததைக் கண்டு தடுக்காது விட்டார்கள் என ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. இன்றைய மருத்துவமும், ஆரோக்கியமான கர்ப்பத்தில் பாலூட்டலைப் பெரும்பாலும் தொடரலாம் என்கின்றது. குறைமாதப் பிரசவ அபாயமுள்ளோர் வைத்தியரின் ஆலோசனையைப் பெறுதல் வேண்டும்.

பிரசவத்தின் பின் அடுத்த கருவுக்குக் குறைந்தது 24 மாத இடைவெளியை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கின்றது. எனவே, ஆறு மாதம் முடியுமுன்னரே குடும்ப நல மாதுவிடம் செல்லுங்கள். மார்க்கம் அனுமதிக்கும் தற்காலிக முறைகளைக் கேட்டறியுங்கள்.

கணவன்மார்களே! அதே வசனம் பாலூட்டும் தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பாக்குகின்றது. பால் மறக்கச் செய்வதையும் இருவரின் ஆலோசனையில் வைக்கின்றது. அவள் மட்டும் சுமக்க வேண்டிய கவலையன்று இது.

நம் தாய்மாருக்கும் மழலைகளுக்கும் அல்லாஹ் ஆரோக்கியத்தை நல்குவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.