துண்டும் கடனட்டையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையிலே சமயத்தைப் பற்றியோ மொழியைப் பற்றியோ பேசுவதுதான் வழக்கம். நானோ கடனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தலைப்பைக் கேட்டபோது நமது செயலாளர் சற்றுத் தயங்கினார். ஆயினும், நம்மவருள் எத்தனையோ பேரை இரவில் உறங்கவிடாத விஷயத்தை நம் சங்க மண்டபத்தில் பேசாமல் வேறெங்கே போய்ப் பேசுவது?

சில காலத்துக்கு முன் பசறைக்கு அருகேயுள்ள தோட்டமொன்றைச் சேர்ந்த தம்பி ஒருவர் என்னைத் தேடி வந்தார். கொழும்பிலே வேலை. சம்பளம் மாதந் தவறாமல் வங்கிக்கு வருகிறது. பரீட்சை ஒன்றுக்கு இணையவழியாகக் கட்டணம் செலுத்தவேண்டுமென்று கடனட்டைக்கு விண்ணப்பித்திருந்தார். (சேமிப்புக் கணக்குக்குக் கொடுத்த அட்டையாலேயே அதைச் செலுத்தியிருக்கலாம், அது அவருக்குத் தோன்றவில்லை.) வங்கி மறுத்துவிட்டது. “காரணம் கேட்டீர்களா தம்பி?” என்றேன். “வெட்கமாயிருந்தது ஐயா, எழுந்து வந்துவிட்டேன்” என்றார். அடுத்த வாரம் இன்னொரு வங்கி, அதற்கடுத்து மூன்றாவது. எங்கும் அதே பதில். கடைசியில் தரகர் ஒருவர், “கிரிப்பிலே விழுந்த பெயரை அழித்துத் தருகிறேன்” என்று பணம் கேட்டிருக்கிறார். நல்ல வேளையாக, அந்தப் பணத்தைக் கொடுக்குமுன் இவர் என்னிடம் வந்தார்.

கிரிப் என்று நாம் பேச்சில் சொல்வது இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகத்தை. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தினால் நிறுவப்பட்டது. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் தாம் கொடுத்த கடன்களின் விபரத்தை அங்கே அனுப்புகின்றன. புதிதாக ஒருவர் கடன் கேட்டு வந்தால் அவருடைய அறிக்கையை அங்கிருந்து பெற்றுப் பார்க்கின்றன. அவ்வளவே. கடன் கொடு, கொடாதே என்று பணியகம் யாருக்கும் சொல்வதில்லை. முடிவு வங்கியினுடையது. பெயர் விழுந்துவிட்டது என்று நாம் பயப்படுகிறோமே, உண்மையில் கடன் வாங்கிய எல்லோருடைய பெயரும் அங்கே உண்டு, ஒழுங்காகக் கட்டியவர் பெயரும் உட்பட. தரகரால் அதில் ஒரு புள்ளியையும் அழிக்க முடியாது.

தேசிய அடையாள அட்டையுடன் விண்ணப்பித்து, சிறு கட்டணம் செலுத்தி, தன்னுடைய அறிக்கையை ஒருவர் தாமே பெற்றுக்கொள்ளலாம். தம்பியும் பெற்றார். இருவருமாக அமர்ந்து வாசித்தோம். இரண்டு இடங்களில் நிலுவை இருந்தது.

முதலாவது, லீசிங்கில் எடுத்த மோட்டார் சைக்கிள். தவணை தவறியதும் கம்பனிக்காரர் வண்டியைக் கொண்டுபோய்விட்டனர். வண்டி போனதோடு கடனும் போயிற்று என்று தம்பி நினைத்திருந்தார். இந்த எண்ணம் நம்மவரிடையே மிகப் பரவலாக இருக்கிறது. வண்டியை விற்ற பணம் கடனுக்குப் போதாவிட்டால், குறைகிற தொகை வாங்கியவர் தலையிலேயே நிற்கும், வட்டியும் வளரும். இரண்டாவது, சிநேகிதர் ஒருவருக்காகப் போட்ட பிணைக் கையெழுத்து. சிநேகிதர் கட்டவில்லை, அது இவருடைய அறிக்கையிலும் ஏறிவிட்டது. பெரியோர்களே, தாய்மார்களே, இதை உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். குழுக்கடனென்று ஒருவருக்கொருவர் கையெழுத்திடுகிறீர்கள். பிணை என்பது சாட்சிக் கையெழுத்தன்று. அவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுப்பதாகும்.

இந்த அறிக்கையைப் பார்த்தபோது எனக்கு நம் முன்னோர் காலத்துத் துண்டு நினைவுக்கு வந்தது. இளைஞர் பலர் அச்சொல்லையே கேட்டிருக்கமாட்டீர்கள். தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகவேண்டுமானால், இன்ன தொகையைக் கட்டினால் இவரை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டம் அத்தொகையைக் கொடுக்கும். கடன் ஆளோடு கூடவே போகும். வரும் வழிச் செலவிலே தொடங்கிய கடன் கங்காணியின் கணக்கிலே வளர்ந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறதென்று வாசிக்கவோ, பிழையென்று சொல்லவோ தொழிலாளிக்கு வழி இருந்ததா? 1921இல் சட்டத்தால் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. இன்றைய அறிக்கையும் ஆளோடு கூடவே வருகிற காகிதம்தான். ஆனால் இதை நாம் கேட்டு வாங்கலாம், வாசிக்கலாம், பிழையிருந்தால் கடன் கொடுத்த நிறுவனத்திடமும் பணியகத்திடமும் முறையிட்டுத் திருத்துவிக்கலாம். பாட்டனுக்குக் கிடைக்காத இந்த உரிமையைப் பேரன் வெட்கத்தினால் விட்டுவிடுவதா?

வெட்கம் என்றேன். நமது கூத்து மேடைகளில் விடிய விடியப் பார்த்த அரிச்சந்திரனை நினைத்துப் பாருங்கள். முனிவருக்குப் பட்ட கடனுக்காக மனைவியையும் மகனையும் விற்றான், தன்னையும் விற்றான். வசூலிக்க வந்த ஆள் கூடவே நடந்தான். கடன்பட்டவன் என்று அவனை யாராவது இகழ்கிறோமா?

நிற்க. தம்பி செய்ததைச் சொல்லிவிடுகிறேன். முதலில் லீசிங் கம்பனிக்குக் கடிதம் எழுதிக் கணக்குக் கேட்டார். முழுத்தொகையும் கட்ட இயலாதென்று தம் வருமானத்தைக் காட்டிப் பேசினார். வட்டியில் ஒரு பகுதியைத் தள்ளிக்கொடுத்தார்கள். மிகுதியைத் தவணையில் தீர்த்ததும், கடன் முடிந்ததென்று எழுத்தில் வாங்கிக்கொண்டார். அந்தக் கடிதத்தை வாங்காமல் வந்துவிடாதீர்கள். சிநேகிதரையும் அழைத்துக்கொண்டு போய் அந்தக் கடனுக்குப் புதுத் தவணை போடச் செய்தார். இதற்கிடையில் வேறெந்த வங்கியிலும் விண்ணப்பம் போடவேண்டாமென்று தடுத்திருந்தேன். ஏனெனில் எந்த நிறுவனம் எப்போது விசாரித்தது என்பதும் அறிக்கையில் பதிவாகிறது. அடுத்தடுத்துப் பல விசாரணைகள் இருந்தால் பார்ப்பவருக்கு ஐயம் வரும்.

கட்டி முடித்த மறுநாளே பழைய வரலாறு மறைந்துவிடாது. கடன் தீர்ந்தது என்று காட்டும், முன்பு தவறியதையும் சில காலம் காட்டும். இது தம்பிக்கு மிகுந்த ஏமாற்றம். ஒரு வருடத்துக்கு மேல் பொறுத்தபின், சிறிய நிலையான வைப்பு ஒன்றைப் பிணையாக வைத்து, சிறிய எல்லையுள்ள கடனட்டை பெற்றார். பேருந்துச் சீட்டுக்கும் தொலைபேசிக்கும் மட்டும் பாவித்து, மாத முடிவில் முழுவதையும் கட்டுகிறார். ஆகக்குறைந்த தொகையை மட்டும் கட்டினால் போதுமென்று பட்டியலில் அச்சிட்டிருப்பதை நம்பி இருந்துவிடக் கூடாது. 2020 ஆகஸ்டில் கடனட்டை வட்டி 18 சதவீதத்தைத் தாண்டக்கூடாதென்று மத்திய வங்கி கட்டுப்படுத்தியது. 2022 ஏப்ரலில் அக்கட்டுப்பாடு நீங்கியதும் அவ்வாண்டிலேயே அது 30ஐயும் தாண்டிற்று. மிச்சம் வைத்தவர்கள் பட்ட பாடு சொல்லி முடியாது.

அதே 2022 ஏப்ரல் 12ஆம் திகதி நம் நாடே வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்தது. நாட்டின் தரம் அடிமட்டத்துக்குப் போயிற்று. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் உதவி கிடைத்து, கடன்காரரோடு பேசித் தவணை மாற்றி, 2024 டிசம்பரில்தான் ஃபிட்ச், மூடிஸ் என்னும் தர நிறுவனங்கள் அத்தரத்தை உயர்த்தின. அரசாங்கத்துக்கே இரண்டரை வருடத்துக்கு மேல் ஆயிற்று. தம்பிக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனதில் என்ன குறை?

வங்கிக் கடிதமோ அறிக்கையோ வைத்திருப்பவர்கள், அது ஆங்கிலத்தில் இருந்தாலும் சிங்களத்தில் இருந்தாலும், கூட்டம் முடிந்ததும் நூலக அறைக்குக் கொண்டு வாருங்கள். நானும் வங்கியில் வேலை செய்யும் நம் உறுப்பினர் இருவரும் அங்கே இருப்போம். ஒருவர் உள்ளே இருக்கையில் மற்றவர்கள் வெளியே காத்திருக்கவேண்டும்.